அம்மாவுக்கு ஒரு படம்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் என் சிநேகிதர் ஒருவர் சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். தையற்காரர்களில் பாதிப் பேர் பீகார்ப் பையன்கள். டீ வேளை வந்துவிட்டால் போதும். கைபேசியைத் துணிக்கட்டின் மேல் சாய்த்து வைத்து, அதன் முன்னே ஆடுவார்கள். ஏதாவது பாட்டுக்கு உதட்டை அசைப்பார்கள். முதலில் டிக்டாக்கில் போட்டார்கள். 2020 ஜூனில் சர்க்கார் அதைத் தடை செய்தபின் இன்ஸ்டாகிராமுக்கு மாறிக்கொண்டார்கள்.

"என்ன கூத்துங்க இது!" என்று சிநேகிதர் சலித்துக்கொள்வார். எனக்கும் அதே அபிப்பிராயந்தான். தன் முகத்தைத் தானே இத்தனை தரம் படம் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

2023 மார்ச் முதல் வாரத்தில் அங்கே போயிருந்தேன். வடநாட்டுத் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று சொல்லிச் சில படங்கள் ஊர் ஊராகப் பறந்துகொண்டிருந்த சமயம். அத்தனையும் புளுகு. ஒன்று, திருப்பூரில் பீகார்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. போலீஸ் தலைவர் சைலேந்திர பாபு விளக்கம் சொன்னார். பீகாரிலிருந்தே அதிகாரிகள் வந்து பார்த்தார்கள்.

அன்று ஓவர்லாக் அடிக்கும் பையன் ஒருவன் ஆடவில்லை. கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, ஹிந்தியில் பேசியபடி கம்பெனியைச் சுற்றி வந்தான். ஓடுகிற மிஷின்களைக் காட்டினான். செக்கிங் பார்க்கும் அம்மாள் ஒருத்தி, "பயப்படாதீங்கம்மா, நம்ம புள்ளைங்க மாதிரிதான் பாத்துக்கறோம்" என்று தமிழிலேயே சொன்னாள். அடுத்து என்னிடம் வந்தான்.

"அண்ணா, கொஞ்சம் சிரிங்க. அம்மாவுக்கு."

எத்தனையோ கதைகளில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஓர் ஊர் நல்ல ஊர் என்பதற்குச் சாட்சியாகச் சிரிக்க வேண்டும் என்று வந்தபோது, பல்தான் தெரிந்ததே ஒழியச் சிரிப்பு வரவில்லை.

படம் போய்ச் சேர்ந்தது. கால்மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. பையன் மிஷினில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டு, தன் அரைகுறைத் தமிழில் எனக்குச் சொன்னான்:

"அம்மா சொல்லுது, நீ பயந்து சிரிக்குது. பக்கத்துல ஆளு நின்னு சிரிக்கச் சொல்லுது."

நாலு நாள் கழித்துச் சிநேகிதரோடு டெலிபோனில் பேசியபோது அவனைப் பற்றி விசாரித்தேன்.

"ஹோலிக்குப் போறேன்னுதானுங்க சொன்னான். பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.