பூனைக்காலியும் ஜிஎஸ்எம் கட்டரும்

பூனைக்காலியைத் தொட்டிருக்கீங்களா? வேலியோரமா கொடியா படர்ந்து கிடக்கும். காய் மேல வெல்வெட் துணி மாதிரி சுணை. சின்ன வயசுல தெரியாம கை வச்சு, அரிப்பு தாங்காம குதிச்சவங்க நம்மள்ல பல பேரு இருப்பாங்க. அந்தக் காய்க்குள்ள இருக்கிற விதையைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

எங்க மாமா திருப்பூர்ல ஓவர்லாக் டெய்லர். முப்பது வருசத்துக்கு மேல பனியன் கம்பெனிதான் பொழப்பு. பீஸ் ரேட்டு. கை ஓடினாத்தான் சனிக்கிழமை சம்பளம். அந்தக் கைதான் நடுங்க ஆரம்பிச்சுது. அப்புறம் நடை சுருங்கிச்சு, சட்டை பட்டன் போடவே பத்து நிமிசம். கோயம்புத்தூர்ல நரம்பு டாக்டர் பார்த்துட்டு பார்க்கின்சன்னு சொன்னாரு. நடுக்குவாதம். மூளையில டோபமினைச் சுரக்கிற செல்லுங்க கொஞ்சங்கொஞ்சமா அழிஞ்சுட்டே போறதால வர்ற வியாதி. லெவோடோபா மாத்திரை மூளைக்குள்ள போய் டோபமினா மாறி ஆளை நடமாட வைக்கும். ஆனா வியாதியை முழுசா குணமாக்குற மருந்து இன்னிக்கு வரைக்கும் இல்லை.

"குணமாகாது"ன்னு டாக்டர் வாயில வந்தாப் போதும், சொந்தபந்தம் மொத்தமும் டாக்டர் ஆயிடும். ஒருத்தர் வைட்டமின் ஈ வாங்கிட்டு வந்தாரு. ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து கோஎன்சைம் க்யூ10 டப்பா கொண்டு வந்தாரு. பக்கத்து லைன் டெய்லர் ஒரு பூனைக்காலி சூரணம் கொடுத்தாரு. மாமா எதையும் வேண்டாம்னு சொல்லலை. தையல் மெசின்ல உட்கார முடியாம போயிடுமோங்கிற பயம் வந்த மனுசன் எப்படிங்க வேண்டாம்பாரு?

ஒவ்வொண்ணா பார்ப்போம். வைட்டமின் ஈயை அமெரிக்கா, கனடாவுல 800 நோயாளிகளை வச்சு சோதிச்சாங்க. 1993ல முடிவு வந்தது: பிரயோசனம் இல்லை. க்யூ10 கதை இன்னும் சுவாரசியம். 2002ல 80 பேரை வச்சு ஒரு சின்ன ஆய்வு. வியாதி வேகம் குறையுற மாதிரி தெரிஞ்சுது. உலகம் பூரா டப்பா டப்பாவா வித்துது. அப்புறம் 600 பேரை வச்சு பெருசா பண்ணாங்க. பலன் வர வாய்ப்பே இல்லைன்னு பாதியிலேயே நிறுத்திட்டாங்க. 2014ல முடிவை வெளியிட்டாங்க. 80 பேர்ல தெரிஞ்ச நம்பிக்கை 600 பேர்ல காணாம போச்சு. ஆனா டப்பா மட்டும் இன்னமும் கடையில இருக்குது.

பூனைக்காலி அப்படி இல்லைங்க. அதுல நெசமாவே சரக்கு இருக்குது. அந்த விதையில இருந்து லெவோடோபாவைப் பிரிச்சு எடுத்தது நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் கூடத்துல, 1937ல. தாமோதரன், ராமஸ்வாமின்னு ரெண்டு பேரு. அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும்னு அப்போ யாருக்கும் தெரியாது. 1967லதான் அமெரிக்காவுல கோட்ஸியாஸ்ங்கிற டாக்டர் டோபாவை அளவு கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தவங்களை நடக்க வச்சாரு. 2004ல லண்டன்ல 8 நோயாளிங்களுக்கு இந்த விதைப் பொடியவே கொடுத்துப் பார்த்தாங்க. மாத்திரையை விட சீக்கிரமா வேலை செஞ்சுது, கொஞ்சம் கூடுதல் நேரமும் நின்னுச்சு.

"அப்புறம் என்ன கண்ணு, சூரணமே போதுமே"ன்னாரு மாமா. நியாயமான கேள்விதான். அவருக்குப் புரியுற மாதிரி ஜிஎஸ்எம் கட்டரை வச்சுத்தான் பதில் சொன்னேன்.

துணி வந்ததும் கம்பெனியில என்ன பண்றோம்? வட்டக் கட்டர்ல 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி தராசுல வைக்கிறோம். 1.8 கிராம் இருந்தா 180 ஜிஎஸ்எம். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஒத்துக்குவோம். ஒரு ரோல் 20, இன்னொரு ரோல் 300ன்னு வந்தா? மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிருவோம்ல. அமெரிக்காவுல விக்கிற 16 பூனைக்காலி டப்பாவை வாங்கி சோதிச்சாங்க, 2022ல வெளியான ஆய்வு அது. ஒரு வேளைக்கு உள்ள லெவோடோபா ஒண்ணுல 2 மில்லிகிராம், இன்னொண்ணுல 241. அத்தனையும் பூனைக்காலிதான்! ஒரு பனியனுக்குப் பார்க்கிற செக்கிங் மூளைக்குப் போற பொடிக்கு இல்லை.

இன்னொரு சிக்கல். டாக்டர் தர்ற மாத்திரையில லெவோடோபா மட்டும் இல்லை, கார்பிடோபாவும் இருக்குது. லெவோடோபா வழியிலேயே டோபமினா மாறி வீணாப் போகாம மூளைக்குக் கொண்டு சேர்க்கிறது அதோட வேலை. வெறும் பொடியில அது கிடையாது. அதான் குமட்டல், வாந்தி. 2018ல வந்த ஒரு ஆய்வுல, 14 பேருக்கு மாத்திரைக்குப் பதிலா வறுத்த விதைப் பொடி கொடுத்தாங்க. அதுல பாதிப் பேரு வயித்துப் பிரச்னையாலயும் நடமாட்டம் மோசமானதாலயும் நடுவுலயே விலகிட்டாங்க. மாமா கேஸு வேற. மாத்திரையும் போட்டாரு, பொடியும் தின்னாரு. மாத்திரையில இருக்கிற கார்பிடோபா பொடிக்கும் சேர்த்து துணை போகும். நடுக்கம் குறைஞ்சுது, ஆனா தோளும் கழுத்தும் தானா நெளிய ஆரம்பிச்சுது. டாக்டருக்குப் பொடி விசயம் தெரியாது. வியாதிதான் முத்திருச்சுன்னு நினைச்சுக்கிட்டாரு.

சூரணம் வித்தவர் வேற, "இங்கிலீசு மருந்தை நிறுத்திடுங்க, இதுல பக்க விளைவே கிடையாது"ன்னு சொல்லியிருக்காரு. லெவோடோபாவைத் திடீர்னு நிறுத்தினா கடுங்காய்ச்சல் வந்து, உடம்பு விறைச்சு, உயிருக்கே ஆபத்தாகலாம். பக்க விளைவே இல்லாத மருந்துன்னா அதுல மருந்தே இல்லைன்னு அர்த்தம். பூனைக்காலியில மருந்து இருக்குது.

அடுத்த தடவை மாமா சூரணத்தைக் கையோட எடுத்துட்டுப் போனாரு. திட்டு விழும்னு பயந்துட்டே போனாரு. டாக்டர் திட்டலை. எத்தனை ஸ்பூன், எத்தனை மணிக்குன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. பொடியை நிறுத்தச் சொல்லி, மாத்திரையை நாலு வேளையாப் பிரிச்சுக் கொடுத்தாரு. பருப்பு, முட்டை மாதிரி புரதம் மருந்தோட போட்டி போடும், அதனால சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுக்கங்கன்னாரு. நெளியுறது அடங்கிருச்சு. நடுக்கம் கொஞ்சம் திரும்ப வந்துச்சு, மறைக்கறதுக்கில்லை. ஓவர்லாக்ல உட்கார முடியலை. இப்போ செக்கிங் டேபிள்ல இருக்காரு. சம்பளம் கம்மி. அந்த வருத்தம் அவருக்கு இருக்கத்தான் செய்யுது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. அந்த விதையில குணம் இருக்கிறதாலதான் இவ்வளவு கவலை. உங்க வீட்டுல யாராவது இப்படி ஏதாச்சும் சாப்பிட்டுட்டு இருந்தா சண்டை போடாதீங்க, நம்பிக்கையைக் கேலி பண்ணாதீங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போறப்ப அந்த டப்பாவையும் பையில போட்டுக்கிட்டுப் போங்க. அவ்வளவுதான்.