ஒரு கை தண்ணீர்

அண்ணை தண்ணீருக்குள் இறங்க முன்னர் குனிந்து ஒரு கை நீரள்ளி உச்சந்தலையில் தெளித்துக்கொள்வார். கீரிமலைக் கேணிப் படியில் ஐயா பழக்கிவிட்ட பழக்கம். ஜெனீவாவில், பாக்கி நீச்சல் துறையின் சீமெந்துப் படியிலும் அப்படியே செய்தார். அதற்கு முதல் நாள் விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர், தலை வழுக்கையாகி, உடம்பு பருத்து, யாரோ ஓர் ஊர்ப் பெரியவர் போல இருந்தார். 26 வருட இடைவெளி அது. அந்த ஒரு கை தண்ணீரைக் கண்டபோதுதான் இவர் என் அண்ணைதான் என்று நெஞ்சு ஒத்துக்கொண்டது.

2010ஆம் ஆண்டு கோடை. ஜூலை முடிவில் போய் 16 நாள் நின்றேன். அந்த 16 நாளைத்தான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் ஜெனீவா ஏரி என்கிறோம். அங்குள்ளவர்கள் லெமான் என்பார்கள். நீளம் 70 கிலோமீட்டருக்கு மேல், ஆழம் மிகக் கூடிய இடத்தில் 310 மீட்டர். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் கிணற்றையும் குளத்தையும் பார்த்து வளர்ந்தவனுக்கு இவ்வளவு நன்னீரை ஓரிடத்தில் கண்டதும் வாயடைத்துப் போயிற்று. கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. அண்ணை பார்த்துச் சொன்னார்: “வந்த புதுசில நானும் உப்பிருக்கோ எண்டு பாத்தனான் தம்பி.”

பாக்கி நீச்சல் துறை ஏரிக்குள் நீண்டிருக்கும் ஓர் அணைக்கரை. அதன் நுனியில் வெள்ளை நிற வெளிச்சவீடு. நீச்சல் துறையை 1932இல் கட்டினார்கள். எண்பதுகளில் இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நகரசபை திட்டம் போட்டபோது, ஊர்ச் சனம் கையெழுத்துத் திரட்டி, 1988இல் வாக்கெடுப்பு வைத்துக் காப்பாற்றிக்கொண்டது. நான் போன நாளில் உள்ளே போக 2 பிராங். வங்கிக்காரரும் கோப்பை கழுவுகிறவரும் ஒரே 2 பிராங்கைக் கொடுத்து ஒரே படியில் இறங்குவார்கள். அண்ணைக்கு அந்த ஊரில் எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் அதுதான். வாக்கெடுப்பு நடந்தபோது அவருக்கு வாக்கில்லை. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த அகதி அவர். “வாக்கிருந்தா நானும் போட்டிருப்பன்” என்று இரண்டு தரம் சொன்னார்.

1984இல் போனவர். முதல் வேலை ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுவது. பிறகு காய்கறி வெட்டினார், பிறகு சமையல். இரவு 12 மணிக்கு வேலை முடித்து, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு மொன்பிளாங் பாலத்தால் நடந்து வருவாராம். அந்தப் பாலத்தில் நின்றால் ஏரிக்குள்ளிருந்து 140 மீட்டருக்கு எழும் நீர்த்தாரை தெரியும். செக்கனுக்கு 500 லீற்றர் தண்ணீர் மேலே போகிறது. காற்றுப் பலத்தால் நிறுத்திவிடுவார்கள். உலகம் முழுவதும் படத்தில் பார்ப்பது அதைத்தான். ஆனால் அது அழகுக்காகத் தொடங்கியதல்ல என்பதை அண்ணை சொல்லித்தான் அறிந்தேன். 1886இல் ஆற்றோரம் ஒரு நீர்விசை நிலையம் இருந்தது. நகரத்துப் பட்டறை இயந்திரங்கள் அதிலிருந்து குழாயில் வந்த தண்ணீரின் விசையில்தான் ஓடின. மாலையில் தொழிலாளர்கள் இயந்திரத்தை நிறுத்தியதும் குழாய்களில் அழுத்தம் ஏறும். அதை வெளியே விடுவதற்குத் திறந்த வாயில்தான் அந்தத் தாரை. 1891இல்தான் ஏரிப் பக்கம் கொண்டுவந்து காட்சிப் பொருளாக்கினார்கள்.

“வேலை முடிஞ்ச சனம் விடுற பெருமூச்சு தம்பி அது” என்றார் அண்ணை. அந்த நீர்த்தாரையைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

பழைய நகரத்தில் திறெய் என்ற நடைபாதையில் வரிசையாகக் கஷ்கொட்டை மரங்கள். அவற்றில் ஒன்றை அரசாங்க மரமாக வைத்திருக்கிறார்கள். அதில் முதல் தளிர் விரியும் நாளை, இளவேனில் வந்த நாளென்று, 1818 முதல் ஏட்டில் பதிந்து வருகிறார்கள். ஒரு மரம் பட்டுப்போனால் இன்னொன்றைத் தெரிவார்கள், பதிவு நிற்பதில்லை. இதைச் சொல்லிக்கொண்டே வந்த அண்ணை அங்கிருந்த நீண்ட மர வாங்கில் அமர்ந்து திடீரென்று கேட்டார்: “எங்கட கிணத்தடி மா இப்பவும் காய்க்குதோ?”

மாவிட்டபுரத்தில் இருந்த எங்கள் வீட்டை 1990இல் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். வலிகாமம் வடக்கே உயர் பாதுகாப்பு வலயமாகிப்போனது. 2010இலும் எங்கள் ஒழுங்கைக்குள் போக விடவில்லை. மா நிற்கிறதா, வீடு நிற்கிறதா என்று எனக்கே தெரியாது. ஆனாலும் “ஓம் அண்ணை, காய்க்குது” என்றேன். அவர் தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

ஒரு நாள் செஞ்சிலுவை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். முதலாம் உலகப்போரில் சிறைப்பட்டவர்கள், காணாமற்போனவர்களின் விவரம் எழுதிய சுமார் 70 இலட்சம் அட்டைகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. 1914 முதல் ஊரவர்கள் தொண்டர்களாக வந்து உட்கார்ந்து எழுதியவை. பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலனும் அவர்களில் ஒருவர். அட்டைகளின் முன்னால் அண்ணை வெகுநேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரியிலிருந்து ஒரு கோவையை எடுத்தார். பெர்மிட் கடிதங்களுக்கு நடுவில் பொலித்தீன் உறைக்குள் ஒரு தாள். தலைப்பில் செஞ்சிலுவை. கீழே என் கையெழுத்து, பேனை மை பழுப்பேறிப்போயிருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் ஐயா கண் மூடினார். தொலைபேசி இல்லை, தபால் இல்லை. செஞ்சிலுவைக்காரர் தந்த படிவத்தில்தான் எழுதினேன்: ஐயா காலமானார், கொள்ளி நான் வைத்தேன், நீங்கள் யோசிக்க வேண்டாம். மூத்த மகனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர மூன்று மாதம் சென்றிருக்கிறது. அப்போது அவரிடம் பெர்மிட்டும் இல்லை, பயணம் செய்யக் கடவுச்சீட்டும் இல்லை.

“அந்தச் செஞ்சிலுவைக் கந்தோருக்கு முன்னால பஸ்ஸில எத்தினை நாள் போய் வந்தன்” என்றார். “கடுதாசி அங்கயிருந்துதான் வருமெண்டு அப்ப தெரியாது.”

அந்த வருடம் ஆடி அமாவாசை ஆகஸ்டில் வந்தது. ஊரில் என்றால் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் தீர்த்தம், சுவாமி கீரிமலைக்கு எழுந்தருளும் நாள். தகப்பன் இல்லாதவர்கள் விரதமிருந்து கீரிமலையில் நீராடிப் பிதிர்க்கடன் செய்யும் நாள். விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் வேண்டும். தமிழகத்தில் ஆதொண்டை என்பார்கள். கசப்பான சிறிய பச்சைக் காய். நான் வெளிக்கிடும்போது அம்மா கொஞ்சம் தேடி வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, பனங்கட்டிக் குட்டானுக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவில் வைத்துத் தந்திருந்தா. “மூத்தவனுக்கு இது அங்க கிடைச்சிராது.” இரண்டு கிழமையில் காய் வாடிச் சுருங்கிவிட்டது. அண்ணி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் மெல்லிய வளையமாக வெட்டி, மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்தா. சின்னத் தட்டத்தில் பத்துப் பன்னிரண்டு துண்டு. வீடெல்லாம் மாவிட்டபுரத்து அடுப்படி மணம்.

சமையலுக்கு முன்னர், விடியற்காலையில், ஜொங்சியோன் என்ற இடத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். சங்கமம் என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஏரியிலிருந்து வெளியேறும் ரோன் ஆறும், மொன்பிளாங் பனிமலைப் பக்கமிருந்து வரும் ஆர்வ் ஆறும் அங்கே சந்திக்கின்றன. ரோன் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி போல வருகிறது. ஆர்வ் பனியாறு அரைத்த மண்ணைச் சுமந்து, சாம்பல் கரைத்த நிறத்தில் வருகிறது. இரண்டும் கலக்காமல் கன தூரம் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. நடுவில் கோடு கிழித்தது போல இருக்கும். ரோனும் ஏரிக்குள் நுழையும்போது கலங்கல்தான். ஏரியில் மண்ணையெல்லாம் படியவிட்டுத்தான் தெளிகிறது.

“இந்தத் தண்ணி ஏரிக்குள்ள வந்தா வெளிக்கிடச் சராசரி பதினொரு வருசம் செல்லுமாம்” என்றார் அண்ணை. கொஞ்சம் பொறுத்து, “எனக்குப் பெர்மிட் கிடைக்கப் பன்னிரண்டு” என்றார்.

முழங்காலளவு நீரில் நின்றார். ஐயர் இல்லை, தருப்பை இல்லை. அண்ணி சிறு டப்பாவில் போட்டுக் கொடுத்த எள்ளை உள்ளங்கையில் வைத்து, நீரள்ளி, ஐயாவின் பெயரைச் சத்தமாகச் சொல்லி விட்டார். பாட்டனின் பெயர். பூட்டனின் பெயர் மறந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். எள் நீலப் பக்கத்தில் விழுந்து, கோட்டைத் தொட்டபடி, மெல்லக் கீழே போயிற்று. அந்த ஆறு மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. கீரிமலையிலும் கரையை அடுத்துக் கடல்தான். என்னென்ன நினைத்தாரோ, கரையேறிய பிறகும் கடைசி வரை நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணையை அதன் பிறகு நான் நேரில் காணவில்லை. ஊருக்கு வரவேண்டும் என்று வருடா வருடம் சொல்வார். முதலில் பிள்ளைகளின் படிப்பு, பிறகு முதுகு, பிறகு இதயம். அம்மா போன செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். மறுபுறம் வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. 2019இல் குளிர்காலத்தில் அண்ணை போனார். அஸ்தியில் ஒரு பங்கை ஜொங்சியோனில் கரைத்துவிட்டு, மறு பங்கை அவர் மகன் கீரிமலைக்குக் கொண்டுவந்தான். தகப்பன் விட்டுப்போன மண்ணை அவன் அன்றுதான் முதன்முதல் மிதித்தான். “சித்தப்பா, அப்பா குதிக்கிறது எந்தக் கட்டால?” என்று கேட்டான். மேற்குப் பக்கக் கட்டைக் காட்டினேன்.

இப்போது ஆடி அமாவாசைக்கு அவன்தான் ஜொங்சியோனுக்குப் போகிறான். நான் ஆடி பிறந்ததும் சுன்னாகம் சந்தையில் காத்தோட்டிக்காய் வாங்கி, அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புவேன். போன வருடம் கால் கிலோ அனுப்பினேன். வாடாமல் இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது.