நாட்காட்டி ஓவியர்

ஓவியம் என்றதும் அஜந்தாவும் சித்தன்னவாசலும் நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றை நேரிற் கண்டவர் சிலரே. ஆனால் உழவர் குடிசையிலும், பலசரக்குக் கடையிலும், காப்பிக் கடையிலும் நாள்தோறும் எல்லோரும் காணும் ஓவியம் ஒன்று உண்டு. அதுவே நாட்காட்டிப் படம். அதனை வரைந்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அத்தகைய படங்களை வரைந்து புகழ்பெற்ற ஒருவர், நெல்லைச் சீமையில் வாழ்ந்த சி. கொண்டையராஜு ஆவார்.

அவர் 1898-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். அங்குள்ள அரசினர் கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றார். பின்பு துறவுள்ளம் கொண்டு திருவண்ணாமலை சென்று, ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். ஆயினும் தூரிகை அவரை விடவில்லை. நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து திரைச்சீலைகள் எழுதலானார். அரண்மனை, கானகம், கோவில், கடைத்தெரு ஆகிய யாவும் துணியில் உருப்பெற்றன. அவர் இருந்த குழு 1942-இல் கோவில்பட்டியில் கலைந்தது. குழு கலைந்தபின் அவர் அவ்வூரிலேயே தங்கினார். அந்நாளில் கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986-இல்தான் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று.

பிழைப்புத் தந்த குழு மறைந்தது. கற்ற தொழில் மறையவில்லை. அருகே சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்து வந்தது. வணிகர்கள் ஆண்டுதோறும் தம் வாடிக்கையாளர்க்கு நாட்காட்டி வழங்க விரும்பினர். கொண்டையராஜுவும் அவர்தம் மாணவர்களும் அதற்குரிய படங்களை எழுதினர். சுப்பையா, இராமலிங்கம், செண்பகராமன் முதலியோர் அவரிடம் கற்றுத் தேர்ந்தவர்கள். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு மாணவரே குடும்பமாயினர்.

நாடகத்திரை தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்பயிற்சி நாட்காட்டிப் படத்திலும் கைகொடுத்தது. நடுவில் ஒளிரும் முகம், பின்னே தூண்களும் மலைகளும், பளிச்சென்ற வண்ணங்கள்! அவர் எழுதிய மூலப்படத்தை அச்சகத்தார் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என நான்கு வண்ணங்களாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவர். கீழே கடையின் பெயரும் நாள்தாளும் அமையும். இவ்வாறு ஓர் ஓவியம் எண்ணற்ற பிரதிகளாகி ஊர்தோறும் சென்றது.

பொருநைக் கரையில் உள்ள எங்கள் வீட்டிலும் அத்தகைய அம்பாள் படம் ஒன்று இருந்தது. ஆண்டு முடிந்ததும் அதனைக் கழற்ற முயன்ற என்னை என் ஆச்சி தடுத்தார். “ஆண்டுதான் போயிற்று, அம்பாளுமா போய்விட்டாள்?” என்றார். நாள்தாளை மட்டும் கிழித்தெறிந்து, படத்திற்குக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூசை அறையில் மாட்டினார். எழுதப் படிக்க அறியாத அவர், அன்று ஓர் ஓவியத்தைக் காத்தார்.

“இவை கடைக்காரர் விளம்பரங்கள், கலையாகுமா?” என்று கேட்போர் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் கோவில் வாயில்கள் நெடுங்காலம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்கு வழிகோலிய சட்டம் 1939-இல்தான் வந்தது. அச்சிட்ட படத்திற்கோ வாயிற்காவல் இல்லை. அது சேரியிலும் அக்கிரகாரத்திலும் ஒரே முகத்துடன் சிரித்தது. அதற்கு முன்பே இரவிவர்மா 1894-இல் அச்சகம் நிறுவி அவ்வழியைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அதனை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றவருள் கொண்டையராஜு தலையாயவர்.

அவர் 1976-இல் மறைந்தார். விளம்பரத்தாள் என்று கருதப்பட்டதால், இத்தகைய படங்கள் பல ஆண்டு முடிவில் குப்பையில் சேர்ந்தன. எளியோர் கையில் இருப்பது எளிய பொருள் என்று கருதுவது நம் குறை. கலையின் குறை அன்று.

மாணவர்களே! உங்கள் வீட்டுச் சுவரில் பழைய படம் ஒன்று இருக்கலாம். அதன் கீழ்மூலையைச் சற்று உற்று நோக்குங்கள். சிறிய எழுத்தில் ஒரு பெயர் தென்படக்கூடும். அதனை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.