கோவளத்தில் இறங்கி நடங்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கார்கள் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டியதும் வேகம் பிடிக்கின்றன. இடப்பக்கம் ஒரு பழைய துறைமுகப் பட்டினம் இருப்பது பலருக்குத் தெரியாது. கோவளம் என்றால் மீன், அலைச்சறுக்கு, 2021-இல் கடற்கரைக்குக் கிடைத்த நீலக்கொடிச் சான்று, அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் இது சென்னைப் பட்டணத்துக்கே போட்டியாகத் தலையெடுத்த ஊர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் பிடியில் சிக்காமல், சென்னைக்கு அருகிலேயே கப்பல் நிறுத்த இடம் தேடியவர்களுக்கு வாய்த்தது கோவளம். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஓஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்களுக்கு ஆஸ்திரியாவை ஆண்ட புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722-இல் சாசனம் கொடுத்தார். அந்த வணிகர்களின் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்தது. ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரர்களுக்கும் பொறுக்கவில்லை. பேரரசருக்கோ ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரசாவின் பட்டத்துரிமைக்கு மற்ற நாடுகளின் சம்மதம் வேண்டும். அதற்கு விலையாக 1727-இல் கம்பெனியை நிறுத்திவைத்தார், 1731-இல் மூடிவிட்டார். வியன்னா அரண்மனையின் வாரிசுக் கவலை கோவளத்துப் பண்டகசாலைக்குப் பூட்டுப் போட்டது. நம் பள்ளிப் புத்தகங்களில் இதற்கு நாலு வரியாவது ஒதுக்க வேண்டும்.

பிறகு ஆர்க்காட்டு நவாப் இங்கே கோட்டை கட்டினார். சாதத் பந்தர் என்று பெயர். 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தந்திரமாகப் பிடித்தார்கள். 1752-இல் அதைக் கைப்பற்ற ஆங்கிலேயர் தரப்பில் ராபர்ட் கிளைவ் வந்தார். அவர் கூட்டி வந்தது பயிற்சியில்லாத படை. கோட்டையிலிருந்து குண்டு பாய்ந்ததும் சிதறி ஓடினார்கள். பீரங்கிச் சத்தத்தில் பயந்த ஒரு காவலாளியைக் கிணற்றின் அடியிலிருந்து கண்டுபிடித்தார்களாம். கடைசியில் கோட்டை பணிந்தது. ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொரு துறைமுகம் வளர அவர்கள் விடவே மாட்டார்கள் என்பது என் எண்ணம். கோட்டை நின்ற இடத்தில் 1974 முதல் தாஜ் விடுதி.

அங்கிருந்து ஊருக்குள் நடந்தால் கார்மேல் அன்னை ஆலயம். போர்த்துகீசிய வழிவந்த பெருவணிகர் ஜான் டி மான்டே 1808-இல் கட்டியது. 1821-இல் இறந்த அவருடைய கல்லறையும் இங்கேதான். ஆழ்வார்பேட்டை டிமான்ட்டி காலனியைப் பேய்க்கதையாகவே அறிந்தவர்கள், தன் பெருஞ்சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்த அந்த மனிதரை இங்கே சந்திக்கலாம். தமீமுல் அன்சாரி தர்காவும் இதே ஊரில் இருக்கிறது. நபித்தோழரான அவரது உடல் தாங்கிய பேழை கடலில் மிதந்து வந்து இங்கே ஒதுங்கியது என்பது நம்பிக்கை. எல்லா மதத்தாரும் வருகிறார்கள். கைலாசநாதர் கோயிலும் நடக்கும் தூரம்தான்.

கடைசியாகக் கடற்கரை. காலையில் ஃபைபர் படகுகள் கரையேறியதும் மீனவர்கள் வலையைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணியில் மாட்டிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். செவுள் மாட்டிய இடத்தில் விரலை நுழைத்து, நூல் அறாமல், மீனும் நசுங்காமல் எடுக்க வேண்டும். பேரரசர்களும் நவாபும் கம்பெனிகளும் போய்விட்டார்கள். கடலைத் தொழிலாகக் கொண்டு நின்றவர்கள் இவர்கள்தான். இன்று அலைப்பலகையில் பெயர் வாங்குவதும் இந்தக் குப்பத்துப் பிள்ளைகள்தான்.

போவதானால் விடியற்காலையில் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான். இந்தச் சின்னப் படகுகள் கோடையிலும் கடலுக்குப் போகின்றன.