மதிப்பு: ரூ. 500

பூந்தமல்லி பார்சல் ஆபீசில் ரசீதை நீட்டினேன். குடோன் பையன் மூலையைக் கைகாட்டி, "அந்த இரும்புச் சாமான் உங்களுதா சார்?" என்றான். சாக்கு சுற்றிய ஒரு ஸ்டாண்டு, கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. இரண்டும் முந்தின நாள் இரவு ராஜபாளையத்தில் லாரி ஏறியவை. கையெழுத்துப் போட்டு, குட்டியானை வண்டியில் ஏற்றி, குன்றத்தூர் வந்து இறக்கி, அம்மா கண்ணெதிரே கயிற்றை அறுத்தேன்.

அம்மாவின் சிங்கர் மெஷின். சக்கரத்தின் விளிம்பில் ஒரு துண்டு, எலி கடித்த அப்பளம்போலக் காணாமல் போயிருந்தது. நூல்கண்டு மாட்டும் கம்பி மடங்கிக் கிடந்தது. மரப்பலகையோடு கீலில் சேரும் இடத்தில், அடித்தட்டின் மூலை தனியாகக் கழன்று கையோடு வந்தது. சாக்கைப் பிரித்தால் ஸ்டாண்டின் ஒரு கால் நடுவில் இரண்டாகியிருந்தது.

அம்மா அந்த மூலைத் துண்டை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "ஆச்சி காலத்துச் சாமான். போகட்டும், விடு" என்றாள். அந்த 'விடு'தான் என்னை விடவில்லை.

இதில் எனக்கு வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பது என் வேலை. கால் கிலோ எடையுள்ள ஒரு வார்ப்புக்குக்கூட எங்களிடம் தனிப் படுக்கை உண்டு. ஃபோம் தட்டில் அதன் உருவத்துக்கே வெட்டிய குழி, தட்டுகளை அடுக்க பிளாஸ்டிக் தொட்டி, தொட்டிகள் நகராமல் பேலட்டோடு சேர்த்துச் சுற்றும் பிளாஸ்டிக் தாள். பெட்டிக்குள் எதுவும் ஆடக் கூடாது என்பது முதல் பாடம். வரும் சரக்கில் உடைசல் தெரிந்தால் லாரியில் இருக்கும்போதே போட்டோ எடுக்க வேண்டும், ரசீதில் எழுதிவிட்டே கையெழுத்துப் போட வேண்டும் என்பது அடுத்தது. புதிதாக வரும் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். என் வீட்டுச் சரக்குக்கு மட்டும், பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தம்பி தன்னால் ஆனதைச் செய்திருந்தான். டிவி வந்த அட்டைப்பெட்டியில் மெஷினை வைத்து, இரண்டு பழைய சேலை சுற்றி, இடைவெளியில் தினசரித் தாள்களைத் திணித்திருந்தான். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பு, முதல் பள்ளத்திலேயே காகிதத்தை நசுக்கித் தனக்கு இடம் செய்துகொண்டிருக்கும். பிறகு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அது பெட்டிக்குள் ஊஞ்சலாடியிருக்கிறது.

"இரும்புதானே அண்ணே, என்ன ஆகிடப்போகுதுன்னு நினைச்சேன்" என்றான் போனில். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் இது வார்ப்பிரும்பு. இதனுள்ளே கரி மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கும். மேலே பாரத்தை வைத்தால் தாங்கும், அதிர்வையும் விழுங்கிக்கொள்ளும். அதனால்தான் தையல் மெஷினுக்கு ஏற்றது. பக்கவாட்டில் ஓர் அடி விழுந்தால், அந்தச் செதில்களின் வழியே விரிசல் ஓடிவிடும். எஃகு வளைந்து தன் வலியைக் காட்டும். வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது.

எழுபது வருஷத்துக்கு மேல் உழைத்த சாமான் அது. 'இ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது அதன் எண். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கருக்கு இருந்த பெரிய ஆலையில் செய்தது என்பதற்கு அது அடையாளம். அந்த ஆலைக்கென்றே அங்கே 'சிங்கர்' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1980இல் ஆலை மூடப்பட்டது. நிலையத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. அங்கிருந்து கப்பலேறிக் கடல் கடந்து, ரயிலேறி ராஜபாளையம் வரை உடையாமல் வந்து சேர்ந்த மெஷினைத் தாத்தா தவணையில் வாங்கினாராம். தவணை முறையை வீடுவீடாகப் பரப்பிய கம்பெனிகளில் சிங்கர் முன்னோடி.

ஆச்சி தைத்தாள். அவளுக்குப் பின் அம்மா தைத்தாள். அப்பாவுக்கு மில்லில் லே-ஆஃப் வந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் நின்று ஓடிய ஒரே மில் அதுதான். ஜாக்கெட், உள்பாவாடை, தீபாவளிக்குத் தெருவுக்கே பாவாடை சட்டை. நாங்கள் தூங்கப் போகும்போதும் அந்தச் சத்தம், எழும்போதும் அந்தச் சத்தம். ஆனால் கூலி எவ்வளவு என்று கேட்டால் அம்மா ஒரு நாளும் தொகை சொன்னதில்லை. "பார்த்துக் குடுங்க தாயி" என்பாள். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

பத்தாம் வகுப்புப் படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் நான் என்ன எழுதினேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. 'இல்லத்தரசி.' தேர்வுக் கட்டணத்தை அவள் மெஷின் மேஜையின் இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு போன அதே நாளில்தான் எழுதினேன்.

இதெல்லாம் பார்சல் ரசீதைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது வந்த யோசனை. அதில் தம்பியின் கையெழுத்தில், 'பழைய தையல் மெஷின் 1 செட். மதிப்பு ரூ. 500' என்று இருந்தது. "மதிப்பைக் கூட எழுதினா சார்ஜ் ஏறும்னாங்க அண்ணே." அவன் சொன்னதில் பொய்யில்லை. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் இப்படித்தான் போகின்றன: கூடுதல் கட்டணம் கட்டி அதிக மதிப்பு அறிவித்தால் அதற்கேற்ற பொறுப்பு, இல்லையென்றால் கொடுத்த சரக்குக் கட்டணத்தைப் போலப் பத்து மடங்கு வரைதான். அந்தத் தொகையும் நாம் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டக் கூடாது. நாங்கள் கட்டியது 350 ரூபாய். பத்து மடங்கு 3,500. எழுதியது 500. ஆக, 500.

பதிவு செய்த 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. கம்பெனிக்காக இதைவிடச் சின்னத் தொகைகளுக்கெல்லாம் நான் கடிதம் எழுதியிருக்கிறேன். இதற்கு எழுத உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. மெஷினின் மதிப்பைக் குறைத்தது லாரிக்காரர்கள் இல்லையே. தம்பி அன்று கவுண்டரில் எழுதியது, நான் பத்தாம் வகுப்பில் எழுதியதன் மறுபதிப்பு.

இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று 1924இல் அவரிடம் கேட்டவர் ஜி. ராமச்சந்திரன்; பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் கம்பெனியை நிறுவிய சிங்கர் தையல் மெஷினைச் செய்தார் என்று காந்தி நம்பினார். உண்மையில் சிங்கர் அப்படிப்பட்ட கணவர் அல்ல. பல பெண்களோடு குடும்பம் நடத்தியவர், பிள்ளைகள் மட்டும் இருபதுக்கு மேல். தைக்கிறவளைப் பற்றிய கதையிலும் நல்ல பெயர் வாங்கியது ஓர் ஆண்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். "மெஷின் நல்லா ஓடுச்சுல்ல, அது போதும்" என்றாள்.

உடைந்த காலைச் சாக்கில் சுற்றி லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். குன்றத்தூரில் எங்கே போவதென்றாலும் மலையில் முருகன் தெரிவார். ஊரோ சேக்கிழாரின் ஊர். சோழனுக்கு அமைச்சராக இருந்தவர் பெரிய புராணத்தில் குயவரை, வண்ணாரை, செக்காட்டுபவரை, வலை வீசுபவரை, நெய்பவரையெல்லாம் அவரவர் தொழிலோடு சேர்த்தே எழுதிவைத்தார். திருநீலகண்டர் யார் என்று கேட்டால் மண்பாண்டம் செய்தவர் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். அவர் ஊரில் இப்போது குடியிருக்கும் எனக்கு, அன்று ஒரு கட்டத்தில் 'தையல்' என்று மூன்றெழுத்து எழுதக் கை வராமல் போனது.

பட்டறை அண்ணன் காலைப் புரட்டிப் பார்த்தார். "இத பித்தளை வச்சு ஊதிடலாம். சாதா ராடு போட்டா பக்கத்துலயே மறுபடி விடும்" என்றார். மொத்தக் காலையும் மெல்லச் சூடேற்றி, உடைப்பில் பித்தளையை உருக்கி ஓடவிட்டு, உடனே சாம்பலில் புதைத்தார். அவசரப்பட்டு ஆறினால் வெடித்துவிடுமாம். மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அடித்தட்டின் மூலையை மட்டும் தொட மறுத்தார். "சூடு காட்டினா தட்டு கோணும், இந்தப் பூவெல்லாம் கருகிடும்" என்று அந்தப் பொன்னிறக் கொடிகளைக் காட்டினார். அடியில் ஓர் இரும்புப் பட்டி வைத்து, நாலு திருகு போட்டு மூலையைப் பிடித்துக் கொடுத்தார். தின்னர் போட்டுத் துடைத்துவிட வேண்டாம், பூ போய்விடும் என்று போகும்போது எச்சரித்தார்.

சக்கரத்துக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். உஷா மெஷின் ஒன்றின் சக்கரம் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. சிங்கரின் இந்த மாதிரியைப் பார்த்துத்தான் நம் ஊர் மெஷின்கள் பிறந்தன என்பதால், பாபினிலிருந்து ஊசி வரை இன்றும் எதற்கும் பஞ்சமில்லை. சக்கரத்தின் விலை 450 ரூபாய். பேரம் பேச வாயெடுத்தவன், ரசீது நினைவு வந்து பேசாமல் கொடுத்துவிட்டேன்.

தோல் பெல்ட் மாட்டி, எண்ணெய் விட்டு, அம்மா ஒரு கிழிசல் துணியில் ஓட்டிப் பார்த்தாள். புதுச் சக்கரம் கொஞ்சம் கனம் என்றாள். மற்றபடி அதே சத்தம்.

போன வாரம் எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி, காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவள், சுடிதார் டாப்பைப் பக்கவாட்டில் பிடிக்கக் கொண்டுவந்தாள். முடித்துக் கொடுத்ததும், "எவ்வளவு பாட்டி?" என்றாள். நான் உள்ளேயிருந்து, வரப்போகும் பதிலை அம்மாவுக்கு முன்னாலேயே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அம்மா ஊசியிலிருந்து நூலை அறுத்தாள். "அறுபது ரூபா தாயி" என்றாள்.