டெக்கப்போவும் அப்பாவின் நோட்டும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, அப்பா கண்ணுல பட்டுடுமோன்னு பயந்து விட்டுவச்ச கதை இது. அவருக்கே எல்லாம் தெரிஞ்சுபோய் ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனால இப்போ தைரியமா கொசுவத்தி சுத்தலாம்.

2017 ஜூன் மாசம் நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு வந்து இறங்கினோம். நான், ரங்கமணி, ஏழு வயசுப் பொண்ணு. ரங்கமணி சிவில் இன்ஜினியர். 2011 பிப்ரவரி 22-ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் அந்த ஊரில் 185 பேர் செத்துப்போனாங்க. நடு ஊர்ல இருந்த கட்டடங்கள்ல பெரும்பாலானதை அப்புறம் இடிச்சே தள்ளிட்டாங்க. திரும்பக் கட்டுற வேலை வருஷக்கணக்கா நடந்துட்டிருந்தது. அதுல இவருக்கும் கொஞ்சம் ஆணி புடுங்கக் கிடைச்சது. எனக்கு? பாளையங்கோட்டையில் பதினோரு வருஷம் கணக்கு டீச்சர். அங்கே வந்ததும் வெறும் ‘பார்ட்னர்’. விசா பேப்பர்ல அப்படித்தான் போட்டிருந்தது.

ஜூன் அங்கே நல்ல குளிர்காலம். சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும். வீட்டுக்குள்ள பேசினாலே வாயிலேர்ந்து புகை வரும், அப்படி ஒரு குளிர். காலையில் பொண்ணை நடத்திக் கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டா, மூணு மணி வரைக்கும் நானும் ஹீட்டரும்தான். தெருவில் ஒரு மனுஷ முகம் கிடையாது. பாத்திரக்காரன் குரல்கூட இல்லாம ஒரு தெரு இருக்க முடியும்னு அப்போதான் தெரிஞ்சது.

ஞாயித்துக்கிழமை ஆனா அப்பாகிட்டேர்ந்து போன் வரும். அப்பா அரசு பஸ் டிரைவரா 31 வருஷம் ஓட்டி ரிட்டயர் ஆனவர். திருச்செந்தூர் லைன், நாகர்கோவில் லைன், கொஞ்ச நாள் மதுரை. பெரிய விபத்து ஒண்ணு கிடையாது. 2004-ல் நான் காலேஜ் படிக்கும்போதே அவர்தான் டிரைவிங் ஸ்கூல்ல சேர்த்து எனக்குக் கார் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். (எடுத்த அன்னிக்கு மைதானத்தில் நேரா முன்னாடி போய், நேரா பின்னாடி வந்தேன். அவ்வளவுதான் என் கார் அனுபவம். அப்புறம் பதினோரு வருஷமும் ஸ்கூட்டிதான்.) அவர் கேக்கிற முதல் கேள்வியே, “வண்டி எடுத்தியா? எது வரைக்கும் ஓட்டின?”

முதல் ரெண்டு மாசம் குளிரு, மழைன்னு சொல்லிச் சமாளிச்சேன். ஆகஸ்டில் ஒரு ஞாயித்துக்கிழமை அவர் கேட்ட குரல்ல ஒரு கவலை இருந்தது. ‘பிள்ளை அங்கே போய் முடங்கிட்டாளோ’ங்கிற மாதிரி. எனக்கு என்ன தோணுச்சோ, “நேத்து நான்தாம்ப்பா ஓட்டினேன். டெக்கப்போ ஏரி வரைக்கும் போயிட்டு வந்தோம்”னு சொல்லிட்டேன்.

முந்தின நாள் லைப்ரரியில் எடுத்துட்டு வந்த தெற்குத் தீவு வரைபடம் சாப்பாட்டு மேசையில் விரிச்சபடியே கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அடிச்சுவிட்டேன். ரக்காயா ஆறு, ஜெரல்டீன், ஃபேர்லி, பர்க்ஸ் கணவாய்... அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். “இரு, நோட்டு எடுக்கேன்”னு பேர் பேரா எழுதிக்கிட்டார். அவருக்கு அது சர்வீஸ் காலத்துப் பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் கிளம்பின நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர் மூணையும் எழுதியாகணும்.

“எப்போ கெளம்பினீங்க?”

“பத்து மணிக்குப்பா. மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் வந்து சோறு வடிச்சுட்டேன்.”

அன்னிக்கு ஆரம்பிச்சது. அடுத்தடுத்த மாசங்கள்ல ககோரா, அகரோவா, ஹான்மர் ஸ்பிரிங்ஸ்னு ஆறேழு ஊருக்கு ‘ஓட்டினேன்’. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டலை. வேடிக்கை என்னன்னா, இந்தப் பொய்க்காகவே வரைபடத்தைக் கரைச்சுக் குடிச்சேன். எந்த ரோட்டில் பெட்ரோல் பங்க் கிடையாது, எங்கே செல்போன் எடுக்காது, எங்கே ஒத்தைப் பாலம், எங்கே பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டணும்... எல்லாம் அத்துப்படி. கார் சாவியை மட்டும் தொடலை.

2018 பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அப்பா குண்டு போட்டார். “நவம்பர்ல நானும் அம்மாவும் வாரோம். உன் தம்பி டிக்கெட்டுக்குப் பாத்திட்டிருக்கான். அந்த டெக்கப்போவுக்கு நீயே கூட்டிட்டுப் போ. நீ ஓட்டி நான் பாக்கணும்.”

போனை வச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

ரங்கமணிகிட்ட விஷயத்தைச் சொன்னா அவர் சிரிக்கிறார். நீங்களே ஓட்டுங்கன்னும் சொல்ல முடியாது. டிஸ்க் பிரச்சினை அவருக்கு. ஒரு மணி நேரம் உக்காந்தா முதுகு பிடிச்சுக்கும். டெக்கப்போ ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 230 கி.மீ. சட்டப்படி நான் இந்திய லைசென்ஸை வச்சே 12 மாசம் ஓட்டலாம் (2023-லேர்ந்து அதை 18 மாசம் ஆக்கிட்டாங்க). அதுக்குள்ள எழுத்துத் தேர்வு, ஓட்டுற தேர்வு ரெண்டும் பாஸ் பண்ணி உள்ளூர் லைசென்ஸா மாத்திக்கணும். ஓட்டத் தெரியாத ஒருத்தி நாளைக்கே ஹைவேயில் இறங்க சட்டம் அனுமதிக்குது பாருங்க! எனக்குப் பயமே அதுதான்.

எங்க வண்டி ஒரு பழைய கரோலா ஃபீல்டர். அந்த ஊர்ல பாதி வண்டி ஜப்பான்ல ஓடிட்டுக் கப்பல்ல வந்ததுதான். சாவியைத் திருப்பினதும் ஒரு ஜப்பான்காரம்மா மரியாதையா என்னவோ சொல்லும். நேவிகேஷன் முழுக்க ஜப்பான் எழுத்து. ரேடியோ எந்த ஸ்டேஷனும் சரியா எடுக்காது, அவங்க எஃப்எம் அலைவரிசை வேற. பொண்ணு அந்தம்மா பேசுறதை அப்படியே திருப்பிச் சொல்லுவா. அது என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாது.

ரங்கமணி சொல்லிக்கொடுத்தது சரியா ரெண்டு நாள். மூணாவது நாள் நடுரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துட்டேன். காரணம் கேக்காதீங்க, கல்யாணம் ஆனவங்களுக்குத் தெரியும்.

அப்போதான் எதிர்வீட்டுப் பாட்டி வந்தாங்க. எழுபத்தஞ்சு வயசு இருக்கும். நான் காரைக் கேட்டுக்கு வெளியே எடுத்து, அணைச்சு, திரும்ப உள்ளே விடுறதை ஒரு வாரமா ஜன்னல்ல பார்த்திருக்காங்க. “யாருமே இல்லாத தெரு எனக்குத் தெரியும், வா”ன்னாங்க.

ஊரின் கிழக்குப் பக்கம், ஆத்தங்கரையை ஒட்டி, அங்கே ‘சிவப்பு மண்டலம்’னு சொல்லுவாங்க. நிலநடுக்கத்தில் பூமிக்குள்ள இருந்து மண்ணும் தண்ணியும் பொங்கி, தரை உள்வாங்கிட்ட பகுதி. இனி இங்கே வீடு கட்டக்கூடாதுன்னு அரசாங்கமே விலை கொடுத்து வாங்கி, அங்கேயும் பக்கத்து ஊர்லயுமா சேர்த்து எட்டாயிரம் வீடு அளவுக்கு எடுத்துட்டாங்க. சில தெருவை அடைச்சிருந்தாங்க, சிலது திறந்தே கிடந்தது. தெரு இருக்கு, விளக்குக் கம்பம் இருக்கு. வீடுதான் இல்லை. நடைபாதையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கார் ஏறுறதுக்குச் சரிவு வெட்டியிருக்கும் இல்லையா, அது மட்டும் வரிசையா இருக்கும். ஏறினா புல்லு. தோட்டத்து மரங்கள் மட்டும் ஒண்ணும் ஆகாத மாதிரி காய்ச்சுத் தொங்கும்.

பாட்டி பக்கத்து சீட்ல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லுவாங்க. கண்ணாடி பார். சிக்னல் போடு, மூணு செகண்ட். தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னாடி பார். இப்போ திருப்பு. ஹாரன் பக்கம் கை போனா விரல்ல ஒரு தட்டு. மூணாவது நாளோ நாலாவது நாளோ, ஒரு இடத்தில், “இடது பக்கம் அந்தச் சரிவில் ஏறு”ன்னாங்க. ஏறினேன். “நிறுத்து. இன்னும் கொஞ்சம் முன்னாடி... போதும். இப்போ என் சமையலறை ஜன்னலுக்கு நேரா நிக்கிறே.”

நான் என்ஜினை அணைச்சுட்டேன். அவங்க சாதாரணமாத்தான் இருந்தாங்க. முப்பத்தெட்டு வருஷம் இருந்த வீடாம். இறங்கிப் போய் ஒரு பிளம் மரத்தில் பை நிறைய பழம் பறிச்சாங்க. “என் வீட்டுக்காரர் வச்ச மரம்”னு எனக்கும் பாதி கொடுத்தாங்க. அப்புறம், “சரி, ரிவர்ஸ்ல வெளியே எடு, என் தபால் பெட்டியை இடிச்சிடாதே”ன்னு சொல்லி அவங்களே சிரிச்சாங்க. இல்லாத தபால் பெட்டியை இடிக்காம நானும் எடுத்தேன். நான் ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கிட்டது அந்த வாசல்லதான். இருபது தடவையாவது ஏறி இறங்கியிருப்பேன்.

எழுத்துத் தேர்வில் 35-க்கு 32 சரியா இருக்கணும். 35-ம் சரி. கணக்கு டீச்சரா கொக்கா! ஓட்டுற தேர்வில் மார்ச்சில் மண்ணைக் கவ்வினேன். ‘ஸ்டாப்’ போர்டுன்னா சக்கரம் முழுசா நிக்கணும். நம்ம ஊர்ப் பழக்கத்தில் மெதுவாக்கி, ரெண்டு பக்கம் பார்த்துட்டு உருட்டிட்டுப் போயிட்டேன். அங்கேயே முடிஞ்சது. வீட்டுக்கு வந்து அழுதேன். பாட்டி டீ போட்டுக் கொடுத்துட்டு, “நாளைக்கு நாற்பது தடவை நிறுத்தலாம்”னாங்க. மே மாசம் பாஸ்.

நவம்பர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. அப்போ அங்கே வெயில் காலம் ஆரம்பம். ஏர்போர்ட்டில் தேன் பாட்டிலும் கறிவேப்பிலையும் குப்பைக்குப் போச்சு, முறுக்கு தப்பிச்சது. நாலாவது நாள் கிளம்பினோம். புளியோதரை, தண்ணி, ஃபிளாஸ்க்ல காப்பி, அம்மாவுக்கு எலுமிச்சம்பழம். (31 வருஷம் டிரைவர் பொண்டாட்டி, வண்டி ஏறினா குமட்டும்.) ரங்கமணி முதுகுக்குத் தலைகாணியோட பின் சீட்டில் அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவில். அப்பா முன்னாடி, மடியில் நோட்டு. சாவியைத் திருப்பினேன்.

“என்ன சொல்லுதா அந்தப் பொம்பள?”ன்னார் அப்பா.

“டோல்கேட் கார்டு சொருகலையாம் தாத்தா, ஸ்கூல்ல ஜப்பான் பிரண்டு சொன்னா”ன்னா பொண்ணு. ஒண்ணரை வருஷமா இல்லாத கார்டுக்காக அந்தம்மா தினமும் கவலைப்பட்டிருக்கு!

ரக்காயா ஆத்துப் பாலம் அந்த நாட்டிலேயே நீளமான ரோட்டுப் பாலம், 1,757 மீட்டர். கீழே அகலமா கூழாங்கல், நடுவில் பின்னல் பிரிஞ்ச மாதிரி ஏழெட்டு வாய்க்காலா தண்ணி. அப்பா வாயைத் திறந்து, “நம்ம சுலோச்சன முதலியார் பாலம் மாதிரி எத்தனை பாலம் இதுக்குள்ள அடங்கும்!”னார். அதுக்கப்புறம் பேச்சே இல்லை. என் காலைப் பார்க்கிறார், கண்ணாடியைப் பார்க்கிறார். எனக்கு ஓட்டுற தேர்வே தேவலைன்னு ஆயிடுச்சு. பின்னாடி நாலு வண்டி சேர்ந்ததும் இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டேன். “ம்”னார். ஒரு ஒத்தைப் பாலத்தில் நம்ம பக்கம் சிவப்பு அம்பு. எதிர்ல ரொம்ப தூரத்தில் ஒரு லாரி. நின்னேன். “வழி விட்டு நிக்கியே, ஊர்ல இப்படி நின்னா பின்னாடி வாரவன் ஏசுவான்”னு சிரிச்சார். ஃபேர்லியில் பெட்ரோல் போட்டோம். அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே தூங்கிட்டாங்க.

டெக்கப்போவில் ஏரி நீலமும் இல்லாம பச்சையும் இல்லாம ஒரு நிறம். பனிப்பாறை அரைச்ச கல்மாவு தண்ணியில் கலந்து வர்ற நிறம் அது. கரை முழுக்க ஊதா லூபின் பூ, 1935-ல் கட்டின சின்னக் கல் சர்ச். அப்பா எதையும் பார்க்கலை. வாட்சைப் பார்த்தார். நோட்டில் எழுதினார். அப்புறம் ரொம்பப் பழைய பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

‘டெக்கப்போ. கிளம்பியது 10. திரும்பியது 1.’ பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி.

“நூறுக்கு மேல போகக்கூடாதுன்னு நீதான் சொன்ன. போக வர 460 கிலோமீட்டரு. மூணு மணி நேரம். ஏட்டி, இது என்ன கணக்கு டீச்சரு?”

எனக்குப் பேச்சு வரலை.

“அன்னிக்கே தெரியுமாப்பா?”

“அன்னிக்கு ராத்திரியே தெரியும்.”

“ஏன் கேக்கலை?”

“கேட்டா அடுத்த வாரம் நீ போனை எடுக்க மாட்ட.”

அம்மா பின்னாடி கதவைத் திறந்து இறங்கிக்கிட்டே, “ராத்திரி பூரா லைட்டைப் போட்டுக் கூட்டிக் கழிச்சிட்டிருந்தாரு, என்னைத் தூங்க விடலை”ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி அங்கேயே தங்கினோம். பதினொரு மணிக்கு மேல்தான் நல்லா இருட்டுச்சு. அப்பா வானத்தில் சப்தரிஷி மண்டலத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். அது அங்கே தெரியாதுன்னேன். திரும்ப ரூமுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கிட்டு நோட்டைத் திறந்தார்.

“ககோரா, அகரோவா, ஹான்மர்னு இன்னும் ஆறு ஊரு இருக்கு. இதுல எதுக்கெல்லாம் போகலை?”

“எதுக்குமே போகலைப்பா.”

ஆறு பேருக்கும் முன்னாடி சின்னதா ஒவ்வொரு கட்டம் போட்டார். விசா பிப்ரவரி வரைக்கும் இருக்குன்னார். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு கேட்டார்.