எழுதுகோல் பிடியும் எண்பத்தொரு கிராம் பலகையும்

மேசைப்பந்து மட்டையிலிருந்து ரப்பரை உரித்தெடுத்துவிட்டால் எஞ்சுவது கைப்பிடியோடு கூடிய வெறும் மரம். ஆடுபவர்கள் அதைப் 'பிளேடு' என்கிறார்கள். தமிழாசிரியை ஒருத்தி பிளேடு பற்றி எழுதப்போகிறேன் என்றால் என் மாணவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இப்பதிவு முழுவதும் அதைப் 'பலகை' என்றே குறிப்பிடுகிறேன். வேற்றுமை உருபுகள் தொடரின் அடுத்த பகுதியை எதிர்பார்த்து வந்த நண்பர்கள் பொறுத்தருள்க; அது அடுத்த வாரம்.

கடந்த இரண்டு ஆண்டுகளாகச் செவ்வாய், வியாழன் மாலைகளில் ஃபேரர் பார்க் வட்டாரத்து மண்டபம் ஒன்றில் மேசைப்பந்து கற்றுவருகிறேன். கற்றுத்தருபவர் எழுபத்தாறு வயதான சீன முதியவர். கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. ஆட்டம் முடிந்தபின் தேக்காவில் ஒரு கோப்பி, அவ்வளவுதான். நான் அவரை அங்கிள் என்பேன். அவர் என்னை மலாய் வழக்கப்படி 'செக்கு' என்று அழைப்பார். மலாயில் அது ஆசிரியரைக் குறிக்கும். தமிழில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.

அவர் கற்றுத்தந்தது எழுதுகோல் பிடி. கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பற்றுவதுதான் இன்று உலகெங்கும் பெரும்பான்மை. எங்கள் மண்டபத்து இளையர்கள் அனைவரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். எழுதுகோல் பிடியில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் முன்புறம் கைப்பிடியின் கழுத்தைக் கவ்வ, மற்ற மூன்று விரல்களும் பின்புறம் மடங்கி நிற்கும். மட்டையின் தலை கீழ்நோக்கித் தொங்கும். பிள்ளைகளுக்குப் பேனா பிடிக்கக் கற்றுக்கொடுத்தே காலம் போக்கிய எனக்கு இந்தப் பிடி முதல் நாளே கைவந்தது. கைகுலுக்கும் பிடிதான் ஏதோ கரண்டியைப் பிடித்ததுபோல் இருந்தது.

இந்தப் பிடியிலேயே இரண்டு மரபுகள் உண்டு. அங்கிள் கையாள்வது ஜப்பானிய, கொரிய மரபு. நீள்சதுரத் தலை, சுட்டுவிரல் கொக்கிபோல் வளைந்து பிடிக்கக் கைப்பிடியில் கார்க்கினாலான ஒரு மேடு, ஒரு பக்கத்தில் மட்டும் ரப்பர். பலகை முழுவதும் ஹினோக்கி என்னும் ஜப்பானிய மரத்தின் ஒரே துண்டு. அடுக்குகள் இல்லாததால் விறைப்புக்காக ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமனாக இழைத்திருப்பார்கள். (இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்களே, அதற்கும் இதே மரந்தான்.) பந்து படும்போது அதில் எழும் ஓசை அடக்கமானது. மூக்கருகே கொண்டுசென்றால் எலுமிச்சை கலந்த ஒரு மணம்.

சீன மரபோ வேறு. கார்க் மேடு இல்லை. கைகுலுக்கும் மட்டையின் கைப்பிடியைக் குட்டையாக்கியதுபோல் இருக்கும். பலகை பெரும்பாலும் ஐந்து மெல்லிய அடுக்குகள், சுமார் 6 மில்லிமீட்டர். பழைய நாளில் இதிலும் ஒரு பக்கமே ரப்பர். எதிராளி இடப்பக்கம் அடித்தால் அதே முகத்தைத் திருப்பித் தள்ளித் தடுக்கவேண்டும், அல்லது ஓடிவந்து வலப்பக்க அடியாகவே அடிக்கவேண்டும். 1990களில் சீனாவின் லியூ குவோலியாங் மட்டையின் பின்புறத்திலும் ரப்பர் ஒட்டி, மணிக்கட்டைத் திருப்பி அப்பக்கத்தால் அடிக்கத் தொடங்கினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கமும் வென்றார். அவருக்குப் பின்வந்த வாங் ஹாவ் அந்தப் 'பின்முக அடியை' முழு ஆயுதமாகவே ஆக்கிக்கொண்டார்.

எனக்கும் அங்கிளுக்கும் கருத்து வேறுபட்டது இந்த இடத்தில்தான்.

சென்ற ஆண்டின் இறுதியில் அங்கிள் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்தார். உள்ளே ஒருமுறைகூட ரப்பர் ஒட்டப்படாத ஹினோக்கிப் பலகை. கப்பலில் வேலைபார்த்த நண்பர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்குமுன் ஜப்பானிலிருந்து வாங்கிவந்ததாம். ஒன்று தேய்ந்தால் மற்றொன்று என்று வைத்திருந்தாராம். முதலாவது தேயவே இல்லை. "இனி எனக்கு எதற்கு? நீ எடுத்துக்கொள், செக்கு" என்றார். அத்தகைய மரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஆசிரியர் சம்பளத்தில் யோசித்துத்தான் வாங்கவேண்டும்.

அதில் ரப்பர் ஒட்டி ஒரு மாதம் ஆடினேன். வலப்பக்கத்து அடிக்கு அதற்கு இணையான பலகையை நான் தொட்டதில்லை. ஆனால் ஒரு பக்க ரப்பரோடு மேசை முழுவதையும் காக்கவேண்டுமானால் அதற்குக் கால்கள் வேண்டும். என் வயது நாற்பத்தொன்பது. இடது முழங்கால் படியிறங்கும்போது பேசும். எனக்கு வேண்டியது பின்முக அடி. அதற்காக மணிக்கட்டைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கார்க் மேடு என் சுட்டுவிரலைப் பூட்டிவைத்தது.

தேக்காவில் கோப்பியை வைத்துக்கொண்டு இதைப் பற்றிப் பலமுறை விவாதித்தோம். எங்கள் இருவருக்கும் சான்று ஒரே ஆட்டம்! 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஆடவர் ஒற்றையர் இறுதியாட்டம். ஒருபுறம் தென்கொரியாவின் ரியூ சியுங் மின், ஒரு பக்க ரப்பர், பழைய மரபு. மறுபுறம் பின்முக அடியின் வல்லவர் வாங் ஹாவ். இருவரும் எழுதுகோல் பிடியினர். நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் ரியூ வென்றார். "பார்த்தாயா?" என்பார் அங்கிள், அது போன வாரம் நடந்ததுபோல். ரியூவுக்கு அப்போது வயது இருபத்திரண்டு என்பேன் நான். அவர் இடமூலையிலிருந்து வலமூலைக்குப் பாய்ந்ததை நான் பாய்ந்தால் டான் டோக் செங் மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. (அந்த ரியூ 2025 சனவரியில் தம் நாட்டு விளையாட்டு, ஒலிம்பிக் மன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது உபரித் தகவல்.) 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற மா லின்னும் எழுதுகோல் பிடியினரே. அதற்குப்பின் ஆடவர் ஒற்றையர் தங்கம் இந்தப் பிடிக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 2024 பாரிசில் பதினேழு வயதுப் பிரெஞ்சுப் பையன் ஃபெலிக்ஸ் லெப்ரோன் இதே பிடியில் வெண்கலம் வென்றார். அவர் இடப்பக்கப் பந்துகளை எதனால் அடிக்கிறார் என்று கேட்டால் அங்கிள் கோப்பியைக் கலக்கத் தொடங்கிவிடுவார்.

ஆட்டக்காரர்தான் முக்கியம், மரம் என்ன செய்யும் என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு 1952ஆம் ஆண்டைத்தான் காட்டவேண்டும். உலக மேசைப்பந்துப் போட்டி அவ்வாண்டு பம்பாயில் நடந்தபோது ஹிரோஜி சாத்தோ என்ற ஜப்பானியர் தடித்த நுரைப்பஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தார். பந்து பட்டால் ஓசையே எழவில்லை. ஓசையை வைத்தே ஆட்டத்தைக் கணித்துப் பழகியிருந்தவர்கள் திகைத்துப்போக, அவர் உலக வெற்றியாளராகத் திரும்பினார். அதற்குப்பின்தான் மட்டைக்கென்று விரிவான விதிகள் வந்தன. இன்றைய விதிப்படி பலகை எந்த அளவிலும் எடையிலும் வடிவத்திலும் இருக்கலாம். ஆனால் தடிமனில் 85 விழுக்காடாவது இயற்கை மரமாக இருக்கவேண்டும். பாரிசில் வெள்ளி வென்ற சுவீடனின் மோரெகார்டு அறுகோணத் தலை கொண்ட மட்டையால் ஆடினாரே!

எழுதுகோல் பிடியில் தடுமாறிக்கொண்டிருக்கும் சக மாணவர்கள் யாரேனும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் ரப்பர் என்று முடிவுசெய்த கணமே முதற்கேள்வி எடை. மண்டபத்தில் எனக்கு இரவல் கிடைத்த சீனப் பலகை 92 கிராம். முன்ரப்பர் 48, பின்ரப்பர் 46. ஆக 186. வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தபோதுதான் ஒரு மணிநேர ஆட்டத்துக்குப் பிறகு கரும்பலகையில் எழுதமுடியாமல் மணிக்கட்டு ஏன் கடுத்தது என்பது விளங்கிற்று. கைகுலுக்கும் மட்டைக்கு அந்த எடை பெரிதன்று. நமக்கோ கைப்பிடி குட்டை; எடை முழுவதும் தலைப்பக்கம் தொங்குகிறது. பின்முக அடியில் அதைத் தூக்கித் திருப்புவது மணிக்கட்டு ஒன்றே.

குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குப் போனேன். ஒரு கடைக்கார இளைஞர் கரிம இழைப் பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். விலை இருநூறு வெள்ளிக்குமேல். நல்ல பலகைதான், ஐயமில்லை. கரிம இழை மரத்தை விறைப்பாக்குகிறது. பந்து பட்ட மறுநொடி பறந்துவிடுகிறது. அப்படிப் பறப்பதற்குள் அடி சரியா தவறா என்று கை உணரவேண்டுமே! கற்பவருக்குப் பந்து பலகையில் ஒரு கணம் தங்குவதுதான் பாடம். அயூஸ் நடுமரமும் லிம்பா மேலடுக்கும் கொண்ட ஐந்தடுக்குப் பலகை சற்றே வளைந்துகொடுக்கும். தவறான அடியைத் தவறு என்று விரலுக்குச் சொல்லும். ஸ்டிகா, பட்டர்ஃபிளை, யின்ஹே, டபுள் ஹேப்பினெஸ் என்று எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் இந்த நிலையில் பெரிய வேறுபாடு இல்லை என்பது என் எண்ணம். மிச்சமாகும் பணத்துக்கு ரப்பரும் மேசை வாடகையும் போதும்.

ஒரே வகைப் பலகையில் மூன்றைப் பிரித்து நிறுத்துக் காட்டச் சொன்னேன். இளைஞருக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் செய்தார். 91, 87, 81. மரம் என்றால் அப்படித்தான்; ஒரு மரத்தின் அடர்த்தி மற்றொன்றுக்கு இருப்பதில்லை. பெட்டியில் அச்சிட்ட எடையை நம்பவேண்டாம். எண்பத்தொன்றை எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தைந்து வெள்ளி. பின்பக்கத்துக்கு மெல்லிய நுரை கொண்ட 39 கிராம் ரப்பர் ஒட்டியபின் மொத்தம் 168. முன்னதைவிட 18 கிராம் குறைவு. இரண்டு மூன்று பால்பாயிண்ட் பேனாக்களின் எடைதான், ஆனால் வியாழக்கிழமை இரவு கட்டுரை திருத்த முடிகிறது.

இனி அங்கிளிடம் சொல்லவேண்டும். முப்பது ஆண்டுகள் பொத்திவைத்ததை ஒருவர் தந்து, அதை வேண்டாம் என்று திருப்பிக்கொடுப்பது எளிய காரியமன்று. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த வழியை விட்டுத் தன் வழியில் கட்டுரை எழுதிவரும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருவரேனும் உண்டு. அவர்கள் தாளை நீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையோடுதான் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன். ரப்பரைப் பக்குவமாக உரித்து, பசையைத் தேய்த்தெடுத்து, அதே துணியில் சுற்றியிருந்தேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று ஆட்டத்தின்போது ஒரு சொல்லும் பேசவில்லை. கோப்பிக்கும் வரவில்லை.

அடுத்த செவ்வாய் வந்ததும் கையை நீட்டிப் புதிய பலகையைக் கேட்டார். எடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியும் தலையும் சேரும் கழுத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். என் கையைத் திருப்பிச் சுட்டுவிரலின் உட்புறத்தில் சிவந்திருந்த கோட்டையும் பார்த்தார். புதுப் பலகையின் விளிம்புகள் கூர்மையானவை. எழுதுகோல் பிடியில் இரண்டு விரல்களும் அந்த விளிம்பின்மேலேயே தங்குவதால் தோலை அறுக்கும். "இதை யாரும் உனக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டுவிட்டு, ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கிவரச் சொன்னார். சொரசொரப்பானது ஒன்று, நைசானது ஒன்று.

நான் திரும்பியபோது தரையில் செய்தித்தாள் விரித்திருந்தார். ரப்பரில் தூள் படாமல் தாளால் மூடிக்கட்டி, சொரசொரப்பான தாளை விரலில் சுற்றிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார். நாலு தேய்ப்பு, பிறகு என் கையில் தந்து பிடிக்கச் சொல்வார். மீண்டும் வாங்கித் தேய்ப்பார். அதிகம் எடுத்துவிட்டால் திரும்ப ஒட்டமுடியாது, அதனால் அவசரம் கூடாது என்றார். கட்டைவிரல் பக்கம் சரியாக இருபது நிமிடங்கள் ஆயின. சுட்டுவிரல் பக்கத்தை என்னையே தேய்க்கச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஹினோக்கிப் பலகையை வேறு யாருக்காவது தந்தாரா என்று நானும் கேட்கவில்லை. பின்முக அடியில் இப்போது பத்துக்கு நான்கு பந்துகள் மேசையில் விழுகின்றன. ஐந்தாவது விழும்வரை கோப்பி இல்லை என்பது அங்கிளின் புதிய விதி.